ஒலிபெருக்கி நல்ல நிலையில் உள்ளது

தண்ணீரில் விழுந்த போனுக்கு மூதூரில் ஒரேயொரு வைத்தியம்தான். அரிசிக்குள் புதைத்துவிட்டு, பிஸ்மி சொல்லிக் காத்திருப்பது. அரிசி ஈரத்தைக் குடித்துவிடும், போன் உயிர்பெற்று எழும் என்பது ஊரே ஒப்புக்கொண்ட சங்கதி. எழாமல் போன போன்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அஸீம் வேலை செய்வதோ அரிசி ஆலையில். மற்றவர்களுக்கு ஒரு சுண்டு அரிசி என்றால் அவனுக்கு முற்றம் நிறைய நெல். அவித்துக் கொட்டி, வெயிலில் ஆவி பறக்கக் கிடக்கும் நெல். நெல் ஊறப்போடும் தொட்டிக்குள் விழுந்த போனைத் துழாவி எடுத்தவன், இவ்வளவு சூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரிசிப் பானை தேடுவானேன் என்று நினைத்து, முற்றத்து நெல்லுக்குள்ளேயே அதைப் புதைத்தான். யோசனையில் பிழையில்லை. புதைத்த இடத்தை மறந்ததுதான் பிழை. காயும் நெல்லைக் காலால் அளைந்து கிளறிவிடுவது அவனுடைய வேலை. பத்து வருடப் பழக்கம், கால் தன்பாட்டில் நடந்தது. பாதி முற்றம் அளைந்து முடிந்தபோது குதிக்காலுக்குக் கீழே ‘சடக்’ என்றது. பட்ட காலிலே படும் என்பார்கள். இங்கே கால் தப்பிவிட்டது, போனின் முகம்தான் நொறுங்கியது.

போன் போனால் போகட்டும் என்று விட முடியாது. அதற்குள் அவனுடைய மனைவி இருந்தாள்.

அஸ்மியா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. சொன்ன வீடு வேறு, கொண்டுபோய் விட்ட வீடு வேறு. எந்த ஊர், எந்தத் தெரு என்று அவளுக்கே தெரியாது. வாசல் கேற்றைத் தாண்ட விடவில்லை. அடி விழுந்தது. வீட்டுக்காரி அவளுடைய போனில் உம்மாவின் நம்பர், உறவுக்காரர் நம்பர், தெரியாத நம்பர் எல்லாவற்றையும் தடுத்து, புருசனின் நம்பரை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்திருந்தாள். அதே நாட்டில் லொறி ஓட்டும் அவளுடைய தம்பி நிப்றாஸ், “இடத்தை மட்டும் சொல்லுங்க மச்சான், பொலிஸோட போய் ராத்தாவைக் கூட்டிட்டு வாறன்” என்று நாளும் கெஞ்சினான். இடம்தான் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, தொட்டி ஓரம் நின்ற அஸீமின் போனில் நாலு வரி வந்தது. ‘பக்கத்து வீட்டு ட்ரைவர் இந்த இடத்துட பேரு, ரோட்டுட பேரு எல்லாம் சொல்லித் தந்தார். அந்தப் பேரெல்லாம் எனக்கு எழுதத் தெரியா, குரல்ல அனுப்புறன். நிப்றாஸுக்குச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை என்னைய வேற வீட்டுக்கு மாத்தப்போறாங்க. போனையும் புடுங்கிருவாங்க.’ அடுத்து, ‘டிங்’ என்று குரல் வந்து விழுந்தது. அதைத் திறக்கப்போன அவசரத்தில்தான் நனைந்த கையிலிருந்து போன் தொட்டிக்குள் வழுக்கியது.

சந்தியில் போன் கடை வைத்திருந்த றிஸ்கான் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் ஆள் அல்ல. மேசையில் கணினி, கணினியில் செருகிய சின்னச் சின்னப் பெட்டிகள், சுவரில் ‘எந்தப் பூட்டும் திறக்கப்படும்’ என்ற பலகை. நொறுங்கிய திரையைக் கழற்றி வாளிக்குள் எறிந்துவிட்டுப் புதுத் திரையைப் பொருத்தினான். போன் பளிச்சென்று எரிந்தது. திரையில் அஸ்மியாவின் படம். பக்கத்தில் ‘குரல் செய்தி’. அஸீமின் கண் நிறைந்துவிட்டது.

“அல்ஹம்துலில்லாஹ். தொறங்க றிஸ்கான்!”

“பொறுங்க நாநா. ஒரு அப்டேட் கேக்குது. அதையும் போட்டுட்டா மாப்பிள்ள மாதிரி இரிக்கும்.”

போட்டான். போன் அணைந்து, எழுந்து, ஒரு வரியைக் காட்டியது. ‘அறியப்படாத உறுப்பு கண்டறியப்பட்டது. உங்கள் பாதுகாப்புக்காகத் தொடுகை நிறுத்தப்பட்டுள்ளது. அருகிலுள்ள வெல்மோ அக்கறை மையத்தை நாடவும்.’ வெல்மோ என்பது போனைச் செய்த கம்பனி. படம் தெரிந்தது, அஸ்மியா தெரிந்தாள், குரல் செய்தி தெரிந்தது. விரலை வைத்தால் மட்டும் கல்லில் வைத்த மாதிரி. றிஸ்கான் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் செருகினான், இயர்போன் மாட்டிப் பார்த்தான். அதையும் அறியப்படாத உறுப்பு என்றது போன். எந்தப் பூட்டும் திறக்கப்படும் என்ற பலகைக்குக் கீழே அவன் வியர்த்துப்போய் உட்கார்ந்தான்.

“சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா?” என்றான் அஸீம்.

“அங்க தொறந்தா இங்க இருந்து வெளிய தள்ளிடும். குரல் இதுக்குள்ளதான் கிடக்கு நாநா. வெளையாட ஏலாது. டவுனுக்குப் போங்க.”

செவ்வாய் காலை அஸீம் முதல் பஸ்ஸிலேயே ஏறினான். கிண்ணியாப் பாலம் தாண்டி, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு திருகோணமலையில் இறங்கினால், கடலைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் கட்டடம். ‘வெல்மோ அக்கறை மையம். உங்கள் கவலை இனி எங்கள் கவலை.’ செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று வாசலில் தடுமாறினான். காவலாளி வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் உள்ளே நடந்ததைப் பார்த்தால் கழற்றியிருக்கலாம் போல்தான் இருந்தது. நீலக் கையுறை போட்டவர்கள் போன்களை வெல்வெட் தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திப் போனார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. நடுவில் பெரிய கணினி. அதில் ஓடும் மென்பொருளுக்குப் பெயர் ‘காருண்யா’. போனைத் திருத்தலாமா, யார் திருத்தலாம், திருத்திய பிறகு அது போன்தானா என்பதையெல்லாம் காருண்யாதான் தீர்மானிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழைய காலம். இங்கே பூசாரிகள் ஏழு பேர் வரம் கொடுக்கத் தயாராக நின்றார்கள், சாமிதான் கேள்வி கேட்டது.

வரவேற்பு மேசையில் லிங்கநகரைச் சேர்ந்த கஜந்தி என்ற பெண் இருந்தாள். சட்டையில் ‘அக்கறை அலுவலர்’ என்று குத்தியிருந்தது.

“வணக்கம். உங்களைப் பதிஞ்சிட்டன் ஐயா. இப்ப உங்கட போனுக்கு ஒரு கேள்வி வரும். ‘ஓம்’ எண்டதைத் தொடுங்கோ.”

“அதைத் தொட ஏலாதுதானே தங்கச்சி. அதுக்குத்தானே வந்தநான்.”

“ஓம், விளங்குது. ஆனா நீங்கள்தான் போனைக் கொண்டுவந்தனீங்கள் எண்டு போன் சொல்லவேணும்.”

போன் மேசையில் கிடந்து ‘ஓமா, இல்லையா’ என்று இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தது. அஸீம் தொட்டான், அழுத்தினான், துடைத்துவிட்டுத் தொட்டான். கஜந்திக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் முகாமையாளரைக் கூப்பிட்டாள்.

முகாமையாளர் குலவீரசிங்கம் கழுத்துப் பட்டியும் மலர்ந்த முகமுமாக வந்தார். எவ்வளவு கெட்ட செய்தியையும் அந்த மலர்ச்சி குறையாமல் சொல்லக்கூடியவர். அதற்காகவே கம்பனி அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது. அஸீம் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். மனைவி, அடி, வெள்ளிக்கிழமை, குரல். 

“ஒரேயொரு தரம் தொட விட்டாக் காணும் சேர். அந்தக் குரலைக் கேட்டா மட்டும் போதும். போனை நீங்களே வச்சுக்கொள்ளுங்க.”

“உள்ளுக்க என்ன இருக்கெண்டு எங்களுக்குச் சொல்லக்கூடாது ஐயா,” என்றார் குலவீரசிங்கம் கனிவாக. “வாடிக்கையாளரின்ர அந்தரங்கத்தைக் காப்பாத்துறதுதான் எங்கட முதல் கடமை. ஆரிட்ட இருந்தும் காப்பாத்துவம். தேவைப்பட்டா உங்களிட்ட இருந்தும்.”

‘ஓம்’ பிரச்சினைக்கு அவர் வழி வைத்திருந்தார். தொட முடியாதவர்களுக்காக ஒரு விசேட அனுமதி உண்டு. அதற்குப் போனை முதலில் ஈரச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தட்டு வந்தது, கையுறை வந்தது, போன் வயரில் கோக்கப்பட்டது. அதே நேரம் யாரோ வாசற் கதவைத் திறந்தார்கள். துறைமுகத்துக் காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது. காருண்யா சிவந்தது. ‘சாதனம் நீரில் மூழ்கியுள்ளது.’

“தொட்டிக்குள்ள விழுந்ததுதான் சேர். ஆனா நெல்லுக்குள்ள போட்டுக் காஞ்சிட்டுதே!”

“அது பிரச்சினையில்லை,” என்றாள் கஜந்தி மெதுவாக. “இங்க எல்லாப் போனும் அப்படித்தான் காட்டும்.”

உண்மைதான். காருண்யாவை எழுதியவர்கள் கடலே இல்லாத ஏதோ ஒரு நாட்டில், காய்ந்த அறையில் இருந்து எழுதியிருந்தார்கள். திருகோணமலையின் உப்புக் காற்றை அது வெள்ளம் என்றே எடுத்துக்கொண்டது. வரிசையில் நின்ற பொலிஸ்காரரின் போனும் மூழ்கியிருந்தது, புதுப்பெண் ஒருத்தியின் பெட்டி பிரிக்காத போனும் மூழ்கியிருந்தது. குலவீரசிங்கம் தன்னுடைய போனையே எடுத்துக் காட்டினார். அது போன மாசி மாதத்திலிருந்து கடலுக்கடியில் இருந்தது.

“அப்ப மெஷின் பிழைதானே சேர்?”

முகாமையாளரின் முகம் முதன்முறையாக வாடியது. பள்ளிவாசலில் யாரோ சத்தமாகச் சிரித்தது போலச் சுற்றிலும் ஒரு அமைதி.

“ஐயா, இந்த மென்பொருளை எழுதினவை உலகத்திலேயே பெரிய மூளைக்காரர். அவை திருகோணமலை தண்ணிக்குக் கீழ இருக்கெண்டு சொன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நாங்கள் மூச்சு விடுறம் எண்டதுக்காக அவையைச் சந்தேகப்படக்கூடாது. இந்த மையத்தில நான் சேர்ந்த காலம் தொட்டு, ஒருநாளும் நான் சொந்தமா ஒரு முடிவு எடுத்ததில்லை. அதாலதான் எங்களுக்கு ஒரு பிழையும் வந்ததில்லை.”

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. அஸீம் தலையாட்டினான். தலையாட்டினால் போன் திறக்கும் என்றால் அன்று முழுக்க ஆட்டியிருப்பான்.

மூழ்கிய சாதனங்களுக்கும் ஒரு வழி இருந்தது. காருண்யாவில் ‘கடலில் பாவிக்கப்படும் சாதனம்’ என்றொரு பிரிவு உண்டு. தண்ணீருக்கடியில் இருப்பது அவற்றுக்குக் குற்றமல்ல. ஆனால் அதற்குச் சொந்தக்காரர் ஒரு கப்பலாக இருக்க வேண்டும்.

“கப்பலின்ர பெயர்?” என்று கேட்டாள் கஜந்தி, விசைப்பலகையில் விரலை வைத்தபடி.

அஸீம் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தான். “அஸ்மியா,” என்றான்.

“இப்ப எங்க நிக்குது?”

“அதுதான் தெரியாது தங்கச்சி.”

அவள் ‘கடலில்’ என்று போட்டாள். அன்றைக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் அவன் கப்பற்தலைவர் அஸீம். போனின் சிம் தட்டுக்கு மேல் ஒரு முத்திரை ஒட்டினார்கள். அதை உடைத்தால் கம்பனியின் அக்கறை முறிந்துவிடும் என்றும், முறிந்த அக்கறையை மீண்டும் ஒட்ட முடியாது என்றும் சொன்னார்கள். போனை அங்கேயே வைத்துக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் மகள் ரிஸ்லா வாசலிலேயே நின்றாள். ஐந்து வயது. உம்மா போகும்போது அழாமல் இருக்க ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்: உம்மா போனில் கூப்பிட்டால், அதாவது கோல் எடுத்தால், வாப்பாவுக்குச் சொல்லும் வேலை. அந்தப் பிள்ளையின் குரலைப் போனிலேயே பதிந்து, தன் நம்பருக்கு மணியாக வைத்துவிட்டுப் போனாள். அஸ்மியா எடுத்தால் போன் ‘ட்ரிங்’ என்று ஒலிக்காது. ‘வாப்பா! உம்மா எடுக்காங்க! எடுங்க வாப்பா!’ என்று ரிஸ்லாதான் கத்துவாள். வயலில், ஆலையில், பள்ளிவாசல் வாசலில், எங்கே அந்தக் கத்தல் கேட்டாலும் அஸீமுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“உம்மா எடுத்தாங்களா வாப்பா?”

“போன் டவுன்ல இரிக்கி மகள். நாளைக்கு வரும்.”

புதன்கிழமை போனபோது காருண்யா அடுத்த கேள்விக்கு வந்திருந்தது. புதுத் திரை யாருடையது? எங்கே பிறந்தது? அதை இந்தப் போனுக்குள் விட்டது யார்?

“புதுத் திரை ஒரு அநாதை ஐயா,” என்று விளக்கினார் குலவீரசிங்கம். “போனுக்கு அதைத் தெரியாது. தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவமே? பழைய திரை வந்து, என்ர இடத்தை நான் இவருக்குக் குடுக்கிறன் எண்டு சொன்னாத்தான் காருண்யா ஏற்கும்.”

“பழைய திரை நொறுங்கிப்போச்சே சேர்.”

“நொறுங்கினாலும் அதுக்கு ஒரு உரிமை இருக்குத்தானே.”

அஸீம் வெறுங்கையோடு மூதூருக்குத் திரும்பினான். மத்தியான வெயிலில் றிஸ்கானும் அவனும் கடைக்குப் பின்னாலுள்ள குப்பை வாளியைக் கவிழ்த்து, தேயிலைச் சக்கைக்கும் வெட்டிய வயருக்கும் நடுவில் கண்ணாடித் துண்டு பொறுக்கினார்கள். பூட்டுத் திறக்கும் வீரனுக்குக் குற்றவுணர்ச்சி போலும், முழங்காலில் இருந்து பொறுக்கினான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“நிக்காஹ்வுக்குப் பொண்ணைக் குடுக்கிற ‘வலி’யைத் தேடுற மாதிரியெல்லோ இரிக்கி நாநா. இனி ரெண்டு சாட்சியும் கேப்பானோ தெரியா.”

அஸீமுக்குச் சிரிப்பு வரவில்லை. அஸ்மியாவுடைய உம்மாவின் போனுக்கு நிப்றாஸ் கோல் எடுத்தான். லொறிக்கு லீவு போட்டுவிட்டானாம், வியாழன் முழுக்க வண்டியோடு காத்து நிற்பானாம். “எந்த நேரம் எண்டாலும் சொல்லுங்க மச்சான். வெள்ளி விடிஞ்சாப் பொறகு ராத்தாவை எங்கெண்டு தேடுற?”  இன்னும் கொஞ்ச நேரம், இன்ஷா அல்லாஹ், என்றான் அஸீம். ஒரு கடதாசியில் கண்ணாடித் துண்டுகளைப் பொதிந்து மடியில் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தான். மையம் பூட்டியிருந்தது. பஸ் நிலையத்தில் படுத்தான்.

வியாழன் விடிய மையத்து வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்து ஒரு வருடமாம். கேக் வந்தது, சின்ன மேடை வந்தது, துறைமுகத்தைப் பார்க்கக் கதிரைகள் போட்டார்கள். வாடிக்கையாளர்களை எழுப்பி நிற்கவைத்துவிட்டு ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். கண்ணாடித் துண்டுகளை ஏந்திக்கொண்டு அஸீம் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் நடந்தான். “விழா முடியட்டும் கப்பற்தலைவர்,” என்றார்கள்.

குலவீரசிங்கம் பேசினார். நீண்ட பேச்சு.

“ஒரு வருடத்துக்கு முன்னம், திருகோணமலையில போன் பழுதாப்போனா சனம் சந்திக் கடைக்குப் போகும். அரை மணித்தியாலத்தில திருத்திக் குடுத்துடுவாங்கள். அதில என்ன அக்கறை இருக்கு? வந்தார், திருத்தினார், போனார். உறவே இல்லை! எங்களிட்ட வந்த ஒருத்தரும் அப்படிச் சும்மா போனதில்லை. திரும்பத் திரும்ப வந்தவை. எங்களை அறிஞ்சவை. சில பேர் இப்ப எங்கட குடும்பத்தில ஒராள். நாங்கள் போனைத் திருத்துறதில்லை. போனுக்கும் கம்பனிக்கும் இடையில இருக்கிற நம்பிக்கையைத் திருத்துறம். இந்த வருடம் எங்களால திறந்து குடுக்கப்பட்ட ஒரு போன்கூடத் திரும்பப் பழுதாகி வந்ததில்லை எண்டதைப் பெருமையோட சொல்லிக்கொள்ளுறன்.”

ஒன்றுகூடத் திறந்து கொடுக்கப்படவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை. கை தட்டினார்கள். குடும்பத்தில் ஒருவர் என்று காட்ட அஸீமின் வாயில் கேக் ஊட்டிப் படம் எடுத்தார்கள்.  “சேர், நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றான் கேக்கோடு. “ஓம், நாளைக்கு லீவு,” என்றார் அவர், இன்னும் மலர்ந்து.

பின்னேரம்தான் அவன் முறை வந்தது. கஜந்தி பலூனைத் தள்ளிவிட்டு, கண்ணாடித் துண்டுகளைத் தட்டில் அடுக்கினாள். எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரு திரை ஆகவில்லை, ஒரு மூலை குறைந்தது. ஆனாலும் காருண்யா பெருந்தன்மையாக நடந்துகொண்டது. ‘உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்,’ என்று பழைய திரைக்காக ஒரு நிமிடம் கறுத்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அஸீமும் நின்றான்.

“இனிக் கடைசிச் சோதனைதான்,” என்றாள் அவள் ரகசியமாக. “ஒலி, அதிர்வு, காட்சி, தொடுகை. நாலும் சரியெண்டா திறந்திடும்.”

 நாலு சோதனை. நாலே நாலு. மேசையில் வயரோடு கிடந்த போனையே அஸீம் பார்த்துக்கொண்டு நின்றான். கணினியில் நீலக் கோடு ஊர்ந்தது. பாதி வந்தது, பாதிக்கு மேல் வந்தது.

அப்போது மேசை அதிர்ந்தது. அந்தக் கண்ணாடி மண்டபம் முழுக்க ஒரு பிள்ளையின் குரல் கத்தியது.

“வாப்பா! உம்மா எடுக்காங்க! எடுங்க வாப்பா!”

திரையில் அஸ்மியாவின் முகம். கீழே பச்சை வட்டம்.

அஸீம் பாய்ந்தான். கஜந்தி வயரைக் கழற்றக் கையை நீட்டினாள். “கழட்ட வேண்டாம்!” என்று கத்தினார் குலவீரசிங்கம், அவருக்குக் கத்தத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “நடுவில கழட்டினா எல்லாம் அழிஞ்சிடும்! குரலும் போயிடும்!” நீட்டிய கை நின்றது. அஸீம் பச்சை வட்டத்தில் விரலை வைத்தான். வைத்து இழுத்தான். கட்டை விரல், சுட்டு விரல், பிறகு உள்ளங்கை. போனைத் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்து, “அஸ்மியா! நான் இரிக்கன்! வச்சிடாத புள்ள, வச்சிடாத!” என்று அலறினான்.

“எடுங்க வாப்பா! உம்மா எடுக்காங்க!”

எல்லோரும் திரண்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது போனை அல்ல, கணினியை. அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விழுந்தது. ஒலிபெருக்கி: நல்ல நிலையில் உள்ளது. அதிர்வு: நல்ல நிலையில் உள்ளது. காட்சி: நல்ல நிலையில் உள்ளது. “பாருங்கோ, தானாவே சோதிக்குது!” என்று யாரோ வியந்தார்கள். குலவீரசிங்கத்தின் கண் கலங்கிவிட்டது, ஒரு வருடத்தில் முதன்முறையாக மூன்று பச்சை.

கத்தல் நின்றது. அஸ்மியாவின் முகம் மறைந்தது. ‘தவறிய அழைப்பு’ என்று ஒரு வரி மிஞ்சியது.

கணினி கொஞ்சம் யோசித்து நாலாவது முடிவையும் சொன்னது. ‘தொடுகை: பயனரின் விரல் கண்டறியப்படவில்லை.’

“விரல் இதோ இரிக்கே!” அஸீம் பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பத்து வருடம் சுடு நெல் அள்ளி ரேகை தேய்ந்த விரல்கள். குலவீரசிங்கம் குனிந்து அவற்றைப் பார்த்தார், பிறகு கணினியைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

“போனில ஒரு குறையும் இல்லை ஐயா,” என்றார் மலர்ச்சியோடு. “குறை விரலில. அது எங்கட உத்தரவாதத்துக்குள்ள வராது. முறைப்பாடு தீர்ந்துபோச்சு.”

“நீங்க தொடுங்க சேர். தங்கச்சி, நீங்களாவது தொடுங்க. அல்லாஹ்வுக்காக.”

கஜந்தி தொட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள். அவளுடைய விரலும் இருக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை ஒரு வெல்வெட் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். வாசலில் காவலாளி ஒரு மிட்டாய் கொடுத்தார். கணினியில் கடைசியாக ஒரு கேள்வி எரிந்துகொண்டிருந்தது. ‘கப்பற்தலைவர் அஸீம் அவர்களே, எங்கள் அக்கறையால் எவ்வளவு திருப்தியடைந்தீர்கள்? ஒரு நட்சத்திரத்தைத் தொடவும்.’

மூதூர் பஸ்ஸில் ஒரே நெரிசல். சந்தைக்கு வந்த சனம், டியூஷன் விட்ட பிள்ளைகள், மீன்பெட்டி. அஸீம் பின்பக்கம் கம்பியில் சாய்ந்து நின்றான். துறைமுகத்தில் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. அரபு நாட்டில் இப்போது மத்தியானம், வீட்டுக்காரி தூங்கும் நேரம். நிப்றாஸின் வண்டி எஞ்சினை அணைக்காமல் நிற்கும், எந்த வாசலுக்குப் போவது என்றுதான் தெரியாது.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வெல்வெட் பைக்குள்ளிருந்து ரிஸ்லா கத்தினாள்.

“வாப்பா! உம்மா எடுக்காங்க! எடுங்க வாப்பா!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். அஸீம் பையைக் கிழித்துப் போனை எடுத்தான். முகம் எரிந்தது. பச்சை வட்டம் எரிந்தது. அவன் விரலை வைத்தான்.

“எடுங்க வாப்பா! எடுங்க!”

முன் சீற்றில் மீன்பெட்டியோடு இருந்த பெண் பொறுமையிழந்து திரும்பினாள். “என்ன மனுசன் நீங்க? புள்ள எவ்வளவு நேரமாக் கூப்பிடுது. எடுங்களன்!”

“எடுக்கன் ராத்தா,” என்றான் அஸீம், விரலை எடுக்காமல். “எடுத்துக்கொண்டுதான் இரிக்கன்.”